எழுதிய டிரைவில் மட்டும் படிக்க முடிந்த ஃப்ளாப்பிகள்

1984 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் பிசி/ஏடி கணினியை வெளியிட்டபோது, அதில் பொருத்தியிருந்த 5¼ அங்குல ஃப்ளாப்பி டிரைவ் பார்வைக்குப் பழைய பிசியின் டிரைவைப் போலவே இருந்தது. ஆனால் பழையது ஒரு ஃப்ளாப்பியில் 360 கிலோபைட் எழுதியது, புதியது 1.2 மெகாபைட் எழுதியது. இரண்டு வகை டிரைவும் ஒரே கணினியில் இருக்கும்போது எது எதுவென்று தெரியவேண்டும் என்பதற்காக, 360 கிலோபைட் டிரைவின் முகப்பில் ஒரு நட்சத்திரக் குறியைப் பொறித்துவிட்டார்கள். பழைய ஃப்ளாப்பிகளைப் புதிய டிரைவில் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் புதிய டிரைவில் எழுதிய பழைய ஃப்ளாப்பியைப் பழைய டிரைவில் படிக்க முடியாமல் போகலாம் என்று கையேடு எச்சரித்தது. கையேடு வாசிக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருந்ததில்லை. அலுவலகத்துப் புதிய கணினியில் ஒரு கோப்பைத் திருத்தி, அதே ஃப்ளாப்பியை வீட்டுப் பழைய கணினியில் செருகியவர்களுக்கு அந்த எச்சரிக்கை பிழைச்செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது.

ஃப்ளாப்பியின் கொள்ளளவு அதன் உறையிலேயே அச்சிடப்பட்டிருந்ததால், அது தகட்டுக்கே உரிய குணம் என்றுதான் வாங்கியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது மூன்று பொருள்கள் ஒத்துப்போவதைப் பொறுத்தது: தகட்டின் மேலுள்ள காந்தப் பூச்சு, அதை உரசிச் சென்று எழுதவும் படிக்கவும் செய்யும் தலையின் அகலம், அந்தத் தலைக்கு எந்த வேகத்தில் எவ்வளவு மின்னோட்டம் செலுத்துவது என்று தீர்மானிக்கும் மின்னணுச் சுற்று. இந்த மூன்றில் ஒன்று பொருந்தாதபோது டிரைவ் எழுத மறுத்திருந்தால் பெரிய கேடு ஒன்றும் நேர்ந்திருக்காது. மறுக்காமல் எழுதி, எழுதியதை அப்போதே சரியாகப் படித்தும் காட்டிவிட்டு, பிறகு வேறொரு கணினியிலோ சில மாதங்கள் கழித்தோ கைவிட்டதுதான் ஃப்ளாப்பி நம்பகமற்றது என்ற பெயருக்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

கொள்ளளவைக் கூட்டுவதற்குப் பொறியாளர்கள் மூன்று வழிகளைக் கையாண்டார்கள். ஒவ்வொரு வழியும் தனக்கே உரிய சிக்கலைக் கொண்டுவந்தது. 1973இல் வந்த ஐபிஎம் 3740 அமைப்பின் 8 அங்குல ஃப்ளாப்பியில் 77 தடங்கள் (தகட்டில் எழுதப்படும் வட்டப் பாதைகள்), தடத்துக்கு 26 செக்டர்கள் (தடத்தின் துண்டுகள்), செக்டருக்கு 128 பைட்டுகள் என்று மொத்தம் ஏறத்தாழ 250 கிலோபைட் அடங்கியது. எஃப்எம் எனப்பட்ட அந்தக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு கடிகாரத் துடிப்பு தனியாக எழுதப்பட்டது. அடுத்து வந்த எம்எஃப்எம் முறை, தேவையற்ற கடிகாரத் துடிப்புகளை விட்டுவிட்டு, அதே பூச்சில் அதே தலையைக் கொண்டே இரண்டு மடங்கு தகவலை எழுதியது. டபுள் டென்சிட்டி என்பது இதுதான். இரண்டாவது வழி, தலையை மெல்லியதாக்கித் தடங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. மூன்றாவது, பூச்சையே மாற்றி, பிட்டுகளை இன்னும் நெருக்கமாக எழுதுவது. ஹை டென்சிட்டி இந்த வகையைச் சேர்ந்தது. குறியீட்டு முறை மாறியதால் வந்த பொருத்தமின்மை ஒப்பீட்டளவில் தீங்கற்றது. எஃப்எம் புரியாத கன்ட்ரோலர் (டிரைவை இயக்கும் மின்னணுச் சுற்று) பழைய ஃப்ளாப்பியைப் படிக்காது. அதைக் கெடுக்கவும் செய்யாது. புரிகிற கன்ட்ரோலரைத் தேடிப்பிடித்தால் போதும். தலையும் பூச்சும் மாறியபோது வந்த தொல்லைகள் அப்படிப்பட்டவை அல்ல.

ஏடியின் டிரைவில் இரண்டும் ஒருசேர மாறின. 360 கிலோபைட் டிரைவ் ஓர் அங்குல அகலத்துக்கு 48 தடங்கள் என்ற கணக்கில் 40 தடங்களை எழுதியது. ஒவ்வொரு தடமும் ஏறத்தாழ 0.33 மில்லிமீட்டர் அகலம். 1.2 மெகாபைட் டிரைவ் அங்குலத்துக்கு 96 தடங்கள் வீதம் 80 தடங்களை எழுதியது; தட அகலம் ஏறத்தாழ 0.16 மில்லிமீட்டர். பழைய ஃப்ளாப்பியைக் கையாளும்போது புதிய டிரைவ் இரண்டிரண்டு படியாகத் தாவி, அகலத் தடத்தின் மேல் தன் மெல்லிய தலையை வைக்கும். படிப்பதற்கு இது தாராளமாகப் போதும். எழுதும்போதுதான் வில்லங்கம் தொடங்குகிறது. அகலமான காவிப் பட்டையின் மேல் மெல்லிய மாக்கோடு இழுத்தால் இரு ஓரங்களிலும் காவி எஞ்சித் தெரிவது போல, புதிய எழுத்தின் இருபுறமும் பழைய எழுத்து அழியாமல் நிற்கும். எழுதும் தலையோடு சேர்ந்து, தடத்தின் ஓரங்களைத் துடைக்கும் அழிப்பு முனைகளும் உண்டு என்றாலும், 96 தட டிரைவின் அழிப்பு முனைகள் பழைய அகலம் முழுவதையும் எட்டுவதில்லை.

அந்த ஃப்ளாப்பியை எழுதிய டிரைவிலேயே மறுபடியும் படித்தால் எந்தக் குறையும் தெரியாது. மெல்லிய தலைக்கு நடுக்கோடு மட்டுமே கண்ணில் படும். 360 கிலோபைட் டிரைவின் அகலத் தலையோ நடுவிலுள்ள புதிய எழுத்தையும் ஓரங்களிலுள்ள பழைய எழுத்தையும் ஒன்றாகக் கலந்து வாங்கிக்கொண்டு, எதுவென்று பிரித்தறிய முடியாமல் தடுமாறும். சில செக்டர்கள் தப்பும், சில தப்பாது. ஒரே ஃப்ளாப்பியில் திருத்தப்படாத கோப்புகள் எல்லாம் நன்றாகத் திறந்து, நேற்றுத் திருத்திய கோப்பு மட்டும் திறக்காமல் போவதைப் பார்த்தவர்கள் கோப்பின் மேலும் மென்பொருளின் மேலும் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை.

இதற்கு மாற்றுவழி இருந்தது. இதுவரை எழுதப்படாத புது ஃப்ளாப்பியை 1.2 மெகாபைட் டிரைவிலேயே, 360 கிலோபைட் அளவில் ஃபார்மட் செய்து (அதாவது தடங்களையும் செக்டர்களையும் வகுத்து) எழுதினால், ஓரங்களில் கலப்பதற்குப் பழைய எழுத்தே இராது. சமிக்ஞை சற்று வலுக்குறைந்திருந்தாலும் பழைய டிரைவ் பெரும்பாலும் படித்துவிடும். பழைய ஃப்ளாப்பியைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால், மாறுமின்னோட்டக் காந்தத்தால் அதை முழுவதும் துடைத்துவிட்டு ஃபார்மட் செய்யவேண்டும். வெறுமனே மறுபடியும் ஃபார்மட் செய்வது உதவாது. அதுவும் அதே மெல்லிய தலையால் செய்யப்படுவதுதானே.

புதிய டிரைவ் நிமிடத்துக்கு 360 முறை சுழன்றது. பழையது 300 முறை. ஆகவே விநாடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் எழுதப்பட்ட பழைய ஃப்ளாப்பியைப் புதிய டிரைவில் படிக்க 300 கிலோபிட் வேகம் தேவைப்பட்டது, 1.2 மெகாபைட் ஃப்ளாப்பிக்கோ 500 கிலோபிட். 5¼ அங்குல உறையில் எந்த வகை ஃப்ளாப்பி என்று டிரைவுக்கு உணர்த்தும் அடையாளம் எதுவும் இல்லாததால், ஏடியின் பயாஸ் (கணினிக்குள்ளேயே பதிந்துள்ள அடிப்படை மென்பொருள்) ஒவ்வொரு வேகமாக முயன்று பார்த்து, எதில் படிக்க முடிகிறதோ அதுவே வகை என்று முடிவு செய்தது. படிப்பதற்கு இந்த உத்தி சரி. வெறும் ஃப்ளாப்பியை ஃபார்மட் செய்யும்போது முயன்று பார்க்க ஒன்றும் இல்லை. பயனர் சொன்னதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. டாஸ் இயங்குதளத்தின் ஃபார்மட் கட்டளையோடு /4 என்று சேர்த்துத் தட்டாவிட்டால், 360 கிலோபைட் ஃப்ளாப்பியையும் அது 1.2 மெகாபைட்டாகவே ஃபார்மட் செய்ய முனையும்.

அப்படி முனைந்தால் என்ன நடக்கும் என்பதைப் பூச்சு தீர்மானிக்கிறது. ஒரு காந்தப் பொருளில் பதிந்த காந்தத் தன்மையை நீக்க எவ்வளவு எதிர்ப்புலம் தேவை என்பதை மேல்நிலைப் பள்ளி இயற்பியலில் காந்த நீக்குத்திறன் என்று படித்திருப்போம். 5¼ அங்குல டபுள் டென்சிட்டி (360 கிலோபைட்) ஃப்ளாப்பியின் இரும்பு ஆக்சைடு பூச்சுக்கு அது சுமார் 300 ஓர்ஸ்டெட் (காந்தப் புலத்தின் அலகு). ஹை டென்சிட்டிக்காக (1.2 மெகாபைட்) கோபால்ட் சேர்த்துச் செய்த மெல்லிய பூச்சுக்குச் சுமார் 600 ஓர்ஸ்டெட். இரண்டு மடங்கு வித்தியாசம். ஆகவே பழைய டிரைவின் எழுது மின்னோட்டத்தால் ஹை டென்சிட்டி பூச்சைச் சரிவரக் காந்தமாக்கவே முடியாது. ஃபார்மட் முதல் தடத்திலேயே தோற்று, 'ட்ராக் 0 பேட், டிஸ்க் அன்யூசபிள்' என்று அறிவித்துவிடும். எதிர்த்திசையில், எளிதில் மாறும் தடித்த பூச்சில் நெருக்கமான பிட்டுகளை எழுதினால், அவை ஒன்றையொன்று கலைத்துக்கொள்ளும். கெட்ட செக்டர்களின் நீண்ட கணக்கோடு ஃபார்மட் முடியும், அல்லது முடியாமலே நிற்கும். பயனருக்கு எரிச்சல்தான். ஆனாலும் தகவல் எழுதப்படுவதற்கு முன்பே கூச்சலிட்டுத் தோற்றது என்ற வகையில் இதை நல்ல தோல்வி என்றே சொல்லவேண்டும்.

3½ அங்குல ஃப்ளாப்பிக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. அதில் 720 கிலோபைட் வகைப் பூச்சின் காந்த நீக்குத்திறன் சுமார் 600 ஓர்ஸ்டெட், 1.44 மெகாபைட் வகைக்குச் சுமார் 720. (1.44 மெகாபைட் என்ற பெயரே ஒரு கலப்படக் கணக்கு: 14,74,560 பைட்டுகள் என்பது 1,440 கிலோபைட், அந்த கிலோபைட்டுக்கு 1,024 பைட்டு என்று கணக்கிட்டுவிட்டு, மெகாபைட்டுக்கு மாற்றும்போது 1,000ஆல் வகுத்தார்கள்.) இரண்டு வகைக்கும் தடங்கள் 80, தட அகலமும் ஒன்றே, சுழற்சி வேகமும் 300தான். தலையால் வந்த பழைய வில்லங்கம் இங்கே அறவே இல்லை. மாறியதெல்லாம் ஒரு தடத்திலுள்ள செக்டர்கள் 9இலிருந்து 18 ஆனதும், உட்தடத்தில் அங்குலத்துக்கு 8,717 பிட்டாக இருந்த நெருக்கம் 17,434 ஆனதும்தான். பூச்சுகள் இவ்வளவு நெருங்கிய உறவினர்களாக இருந்ததால், தவறான ஃப்ளாப்பியில் தவறான அளவில் எழுதினாலும் அது வேலை செய்தது. கொஞ்ச காலத்துக்கு.

இதைத் தடுக்கத்தான் உறையில் ஒரு சதுரத் துளை வைத்தார்கள். எழுதுவதைத் தடுக்கும் துளைக்கு எதிர்மூலையில் இன்னொரு துளை இருந்தால் அது ஹை டென்சிட்டி. இல்லையென்றால் டபுள் டென்சிட்டி. டிரைவிலுள்ள சிறு சுவிட்ச் அல்லது ஒளி உணரி அந்தத் துளையைப் பார்த்து எழுது மின்னோட்டத்தை மாற்றிக்கொள்ளும். எளிமையான, நல்ல ஏற்பாடு. ஆனால் 1.44 மெகாபைட் டிரைவைப் பரவலாக்கிய ஐபிஎம் பிஎஸ்/2 கணினிகள் 1987இல் வந்தபோது, அவற்றின் தொடக்ககால டிரைவுகள் பலவற்றில் இந்த உணரியே கிடையாது. எந்த ஃப்ளாப்பியைச் செருகினாலும், வேறு அளவு வேண்டும் என்று பயனர் குறிப்பிடாதவரை, 1.44 மெகாபைட்டாகவே ஃபார்மட் செய்ய டாஸ் முற்பட்டது. இப்படி ஃபார்மட் செய்த 720 கிலோபைட் ஃப்ளாப்பி அந்தக் கணினியில் ஒழுங்காகப் படிக்கும். உணரி உள்ள வேறொரு நிறுவனத்தின் கணினியில் செருகினால், துளை இல்லாததால் டிரைவ் அதை டபுள் டென்சிட்டி என்று கருதி, படிக்க முடியவில்லை என்று சொல்லிவிடும். குற்றம் இந்தக் கணினியுடையது என்றே பயனருக்குத் தோன்றும். உண்மையில் விதியைக் கடைப்பிடித்தது இதுதான்.

அந்த அனுபவத்திலிருந்து சிலர் எடுத்துக்கொண்ட பாடம் விபரீதமானது. வித்தியாசம் ஒரு துளைதான் என்றால், விலை குறைந்த 720 கிலோபைட் ஃப்ளாப்பியை வாங்கி நாமே துளையிட்டுக்கொண்டால் என்ன? இதற்கென்றே கையால் அழுத்தும் துளைக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. கருவி வாங்க மனமில்லாதவர்கள் டிரில்லையும் சால்டரிங் அயர்னையும் எடுத்தார்கள். துளையிட்ட ஃப்ளாப்பி பெரும்பாலும் ஒரு குறையுமின்றி ஃபார்மட் ஆனது. ஃபார்மட் கட்டளை செய்கிற சோதனை, சில நொடிகளுக்கு முன் எழுதியதை அதே தலையால், அதே வெப்பநிலையில், சற்றும் விலகாத அதே தடத்தில் படித்துப் பார்ப்பதுதான் என்பதை இங்கே கவனிக்கவேண்டும். அதைவிடச் சுலபமான தேர்வு இருக்க முடியாது.

டபுள் டென்சிட்டி பூச்சு தடிமனானது. அதில் இரண்டு மடங்கு நெருக்கத்தில் எழுதும்போது, ஒரு காந்தத் திசையிலிருந்து எதிர்த்திசைக்கு மாறும் எல்லை கூர்மையாக அமைவதில்லை. அடுத்தடுத்த எல்லைகள் ஒன்றையொன்று பலவீனப்படுத்துவதோடு, படிக்கும் சமிக்ஞையின் முகடுகளை உரிய இடத்திலிருந்து நகர்த்தியும் விடுகின்றன. எம்எஃப்எம் முறையில் தகவல் என்பதே முகடுகளுக்கு இடையிலான நேர இடைவெளிதான்; முகடு நகர்ந்தால் பிட் மாறிவிடும். முதல் நாளன்று இந்த நகர்வு கன்ட்ரோலர் பொறுத்துக்கொள்ளும் எல்லைக்குள் இருக்கும். டிரைவ் மாறினால், தலை கொஞ்சம் தேய்ந்தால், சமிக்ஞை சற்று மங்கினால், அந்த எல்லை தாண்டப்படுகிறது. சுற்றளவு குறைவான உட்தடங்களில்தான் பிட்டுகள் மிக நெருக்கமாக இருப்பதால் முதலில் பாதிக்கப்படுவதும் அவையே. டாஸோ வெற்று ஃப்ளாப்பியை வெளித்தடத்திலிருந்து உள்நோக்கி நிரப்பிக்கொண்டு வரும். பாதி நிரம்பியவரை எந்தத் தொந்தரவும் இல்லாததால் பயனருக்கு நம்பிக்கை வளர்ந்து, கடைசியாக எழுதிய, அநேகமாக மிகவும் தேவைப்பட்ட கோப்பு மோசமான தடத்தில் போய் உட்கார்ந்தது.

நேர்மாறான தவறும் உண்டு; இன்றுவரை தொடர்வதும் அதுதான். 1980களின் பிற்பகுதியிலும் அதற்குப் பிறகும் செய்யப்பட்ட கணினி எம்பிராய்டரி இயந்திரங்கள், யமஹா டிஎக்ஸ்7 II எஃப்டி போன்ற மின்னணு இசைக்கருவிகள் பலவற்றில் இருப்பது 720 கிலோபைட் டிரைவ்தான். டபுள் டென்சிட்டி ஃப்ளாப்பிகள் கடைகளிலிருந்து முதலில் மறைந்துவிட்டதால், அவற்றை வைத்திருப்பவர்கள் ஹை டென்சிட்டி ஃப்ளாப்பியின் துளை மேல் டேப்பை ஒட்டிப் பயன்படுத்துகிறார்கள். துளையை உணராத அந்தப் பழைய டிரைவுக்கு டேப் தேவையில்லை. அதே ஃப்ளாப்பியைக் கணினியில் செருகும்போதுதான் தேவை. டேப் இல்லாவிட்டால் கணினியின் டிரைவ் துளையைப் பார்த்து ஹை டென்சிட்டி நிலைக்குப் போய்விடும். உள்ளே இருக்கும் 720 கிலோபைட் எழுத்து அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆப்பிள் மேகின்டாஷிலும் இதே கதை நடந்தது. பழைய 800 கிலோபைட் டிரைவில் ஃபார்மட் செய்த ஹை டென்சிட்டி ஃப்ளாப்பியை 1.44 மெகாபைட் வகையையும் ஏற்கும் புதிய டிரைவில் செருகினால், இது சரியாக ஃபார்மட் ஆகவில்லை, புதிதாக ஃபார்மட் செய்யட்டுமா என்று கணினி பணிவாகக் கேட்கும். ஆம் என்று சொன்னவர்களின் கோப்புகள் அத்தோடு போயின.

டேப் ஒட்டுவதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. 720 கிலோபைட் நிலையில் செலுத்தப்படும் மின்னோட்டம் ஹை டென்சிட்டி பூச்சுக்கு உரியது அல்ல. காந்த நீக்குத்திறன் நெருக்கமாக இருப்பதால் எழுத்து ஏறிவிடுகிறது, ஆனால் முன்பு 1.44 மெகாபைட்டாக எழுதப்பட்டிருந்ததை முற்றிலும் அழிக்கும் பலம் அதற்கு இல்லாமல் போகலாம். எஞ்சிய பழைய எழுத்து புதியதன் அடியில் இரைச்சலாகக் கிடக்கும். ஆகவே கடையில் வாங்கும்போதே ஃபார்மட் செய்யப்பட்டு வந்த ஹை டென்சிட்டி ஃப்ளாப்பியை முதலில் காந்தத்தால் துடைத்துவிட்டு, பிறகு டேப் ஒட்டி ஃபார்மட் செய்வது நல்லது. எம்பிராய்டரி இயந்திரம் வைத்திருப்பவருக்கு நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், டிரைவையே கழற்றிவிட்டு யுஎஸ்பி நினைவகத்தை ஃப்ளாப்பியாகக் காட்டும் கோடெக் (Gotek) போன்ற சாதனத்தைப் பொருத்திவிடுவது இந்தச் சடங்குகள் எல்லாவற்றையும் விட மலிவு.

பிற்காலத்து நெருக்கடி முயற்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேரியம் ஃபெரைட் பூச்சும் தடத்துக்கு 36 செக்டரும் கொண்ட 2.88 மெகாபைட் ஃப்ளாப்பி, நெக்ஸ்ட் கணினிகளிலும் சில பிஎஸ்/2 மாடல்களிலும் வந்து, பரவாமலே போனது. மைக்ரோசாஃப்ட் தன் மென்பொருள்களை விற்கப் பயன்படுத்திய டிஎம்எஃப் அளவு, சாதாரண 1.44 மெகாபைட் ஃப்ளாப்பியில் தடத்துக்கு 21 செக்டர்களைத் திணித்து 1.68 மெகாபைட் ஆக்கியது. செக்டர்களுக்கு இடையே விடப்படும் வெற்றிடத்தைச் சுருக்கித்தான் இதைச் சாதித்தார்கள். அந்த வெற்றிடம் டிரைவுகளின் சுழற்சி வேகத்தில் உள்ள சிறு ஏற்றத்தாழ்வைத் தாங்கிக்கொள்வதற்காக இருப்பது. தொழிற்சாலையில் ஒருமுறை எழுதி, வீட்டில் படிக்க மட்டும் செய்தால் அது குறைவது பாதகமில்லை. வீட்டு டிரைவில் ஒரு செக்டரைத் திருத்தி எழுதினால் அது அடுத்த செக்டரின் தலைப்பை மிதித்துவிடக்கூடும்.

அடர்த்திக் குழப்பத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய இன்னொன்று, தலையின் சீரமைப்பு. எழுதிய டிரைவில் படித்து மற்ற டிரைவுகளில் படிக்காத ஃப்ளாப்பிகள் எல்லாவற்றுக்கும் காரணம் அடர்த்தி அல்ல. தடத்தின் மையத்திலிருந்து சற்று விலகிப்போன தலை, அதே விலகலோடு எழுதி அதே விலகலோடு படிக்கும். அறிகுறி ஒன்றாக இருந்தாலும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஒரு டிரைவில் எழுதிய எல்லா ஃப்ளாப்பிகளும் வெளியே மறுக்கப்பட்டால் குற்றம் டிரைவின் சீரமைப்பில். குறிப்பிட்ட ஃப்ளாப்பிகள் மட்டும், அதிலும் உட்தடக் கோப்புகள் மட்டும் மறுக்கப்பட்டால் பூச்சும் அடர்த்தியும் ஒத்துப்போகவில்லை. இப்படி விலகிய தலை கொண்ட டிரைவைத் திருத்திவிட்டால், அதில் எழுதிய பழைய ஃப்ளாப்பிகளை இனி அதுவும் படிக்காது என்பதால், திருத்துவதற்கு முன்பே அவற்றைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஃப்ளாப்பிகளிலிருந்து கோப்புகளை மீட்க முயல்பவர்களுக்கு இந்த விவரங்கள் இன்றும் நேரடியாகப் பயன்படுகின்றன. கடையில் கிடைக்கும் யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் 3½ அங்குலத்தின் ஓரிரு வழக்கமான அளவுகளை மட்டுமே அறியும். மேகின்டாஷின் 800 கிலோபைட்டையோ அமிகா கணினியின் 880 கிலோபைட்டையோ அது வெற்று ஃப்ளாப்பியாகவே காணும். கிரையோஃப்ளக்ஸ், கிரீஸ்வீசல் போன்ற கருவிகள் அளவைப் பற்றிக் கவலைப்படாமல், தலையிலிருந்து வரும் காந்த மாற்றங்களின் நேர இடைவெளிகளை அப்படியே பதிந்துகொண்டு, பிட்டுகளாகப் பிரிக்கும் வேலையைப் பிறகு மென்பொருளிடம் விடுகின்றன. இதனால் குறியீட்டு முறை, வேகம், செக்டர் எண்ணிக்கை ஆகியவை குறித்த பொருத்தமின்மை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. தலையின் அகலத்தை மட்டும் மென்பொருளால் மாற்ற முடியாது. 360 கிலோபைட் ஃப்ளாப்பி ஒன்று பிற்காலத்தில் 1.2 மெகாபைட் டிரைவில் திருத்தப்பட்டிருந்தால், அதை 96 தட டிரைவிலேயே படிக்கவேண்டும். 48 தட டிரைவின் அகலத் தலை புதியதையும் பழையதையும் மறுபடியும் கலக்கிவிடும். வரலாறு தெரியாத ஃப்ளாப்பியாக இருந்தால், எழுதுவதைத் தடுக்கும் பட்டையை ஒட்டிவிட்டு இரண்டு டிரைவிலும் ஒருமுறை படித்து, ஒவ்வொரு செக்டரோடும் எழுதப்பட்டிருக்கும் சரிபார்ப்பு எண் எந்தப் பிரதியில் பொருந்துகிறதோ அந்தச் செக்டரை அந்தப் பிரதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.